கடற்படைக் குடும்பத்தின் வேரைத் தேடுகிறீர்களா? தாய்மாமனையும் தேடுங்கள்

பிரிட்டிஷ் கடற்படைக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேட உட்காருகிறவர்கள் முதலில் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று நேராக மேலே ஏறுகிறார்கள். சில தலைமுறை தாண்டியதும் அந்தக் கோடு ஏதோ ஒரு கிராமத்துப் பாதிரியாரிடமோ தச்சரிடமோ போய் நின்றுவிடும். கடல் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பது மட்டும் பிடிபடாது. பல வீடுகளில் பையனைக் கப்பலேற்றியவர் அப்பா அல்ல, அம்மாவின் உடன்பிறப்பு. அல்லது அக்காள் வீட்டுக்காரர், அல்லது பெண் கொடுத்த மாமனார்.

புகழ்பெற்ற அட்மிரல் ஹொரேஷியோ நெல்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா நார்ஃபோக்கில் பர்ன்ஹாம் தோர்ப் என்ற ஊரின் பாதிரியார். அம்மா கேத்தரின், சக்லிங் குடும்பத்துப் பெண். அவருடைய சகோதரர் கேப்டன் மாரிஸ் சக்லிங் 1771-இல் 'ரெசனபிள்' கப்பலின் பொறுப்பில் இருந்தபோது 12 வயது ஹொரேஷியோவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1777 ஏப்ரல் 9-ஆம் தேதி நெல்சன் லெப்டினன்ட் தேர்வுக்கு உட்கார்ந்தபோது அதே மாமன் கடற்படை நிர்வாக வாரியத்தின் தலைவரான கம்ப்ட்ரோலர். தேர்வுச் சான்றில் வயது இருபதுக்கு மேல் என்று எழுதியிருக்கிறது. 1758 செப்டம்பர் 29-இல் பிறந்தவருக்கு அன்று பதினெட்டரை வயதுதான். நெல்சன் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் இந்தக் கதையில் ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது.

நான் போர்ட்ஸ்மத்தின் சவுத்சீ பகுதிக்கு வாக்கப்பட்டு வந்தவள். மாமனார் வழியில் ஸ்டோக்கர்களும் (கொதிகலனுக்குக் கரி போடுபவர்கள்) பெட்டி ஆபீசர்களும் (மாலுமிகளின் மேற்பார்வையாளர்கள்); மாமியார் வழியில் அதிகாரிகள். பிள்ளைகளுக்காகத் தேடத் தொடங்கி, இப்போது அக்கம்பக்கத்தார் குடும்பங்களுக்கும் தேடிக் கொடுக்கிறேன். இரண்டு வழிகளுக்கும் தேடும் முறை முற்றிலும் வேறு. அதனால் எடுத்த எடுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நீங்கள் தேடும் ஆள் அதிகாரியா, சாதாரண மாலுமியா?

அதற்கு முன் நிலத்தில் செய்ய வேண்டியது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855. பழைய காலாண்டு அட்டவணைகளில் பிள்ளையின் தாய் எந்தக் குடும்பத்துப் பெண் என்பது 1911-இன் மூன்றாம் காலாண்டிலிருந்துதான் வரும். ஆனால் பொதுப் பதிவாளர் அலுவலகம் தன் சொந்த இணையதளத்தில் புதிதாகத் தயாரித்த அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கிறது. நம் வேலைக்கு இது பெரிய வரம். முதலில் அங்கேயே போய்விடுங்கள்.

1837-க்கு முன்பு என்றால் தேவாலயப் பதிவேடுகள். 1538-இல் தொடங்கியவை, எல்லா ஊரிலும் அவ்வளவு பழையவை பிழைத்திருக்காது. கடற்படை வீடுகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: அப்பா கடலிலிருந்து திரும்பிய பிறகு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்திருக்கும். அதைப் பார்த்து இரட்டையர் என்று எழுதிவிடாதீர்கள். பெயர்களோடு வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல். உறவுமுறையும் பிறந்த ஊரும் 1851 முதல் தெளிவாக வருகின்றன. கடலிலும் அயல் துறைமுகங்களிலும் நின்ற கடற்படைக் கப்பல்களில் இருந்தவர்கள் 1861 முதல் முறையாகக் கணக்கில் வருகிறார்கள். போர்ட்சீ, கோஸ்போர்ட், ஸ்டோக் டேமரல், சாத்தம், ஷியர்னஸ் ஆகிய ஊர்களில் ஒரு பெண் தலைமையில் குடும்பம் இருந்து, அவள் பெயருக்கு எதிரே மாலுமியின் மனைவி என்று எழுதியிருந்தால் கணவனைக் கப்பல் பட்டியலில் தேடுங்கள். 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் அழிந்தது. 1941-இல் எடுக்கவே இல்லை. இடையில் கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29-ஆம் தேதி எடுத்த பதிவேடு மட்டும்.

சாதாரண மாலுமி என்றால்

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கடற்படைக் காகிதங்கள் 'அட்மிரல்டி' (கடற்படைத் தலைமையகம்) என்ற சொல்லின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஓர் எண் சேர்ந்த வரிசைகளாக இருக்கும். நான் கீழே 'அட்மிரல்டி 188' என்று எழுதினால், காப்பகத்தின் தேடுபெட்டியில் அந்த மூன்று எழுத்தையும் 188-ஐயும் தட்டுங்கள்.

1853 ஒரு எல்லைக்கோடு. அந்த ஆண்டு வரை மாலுமி ஒரு கப்பலுக்குத்தான் ஆள், கடற்படைக்கு அல்ல. கப்பல் திரும்பி வந்து ஆட்களைக் கலைத்ததும் உறவு முடிந்தது. நீண்டகாலப் பணி என்ற முறை வந்த பிறகுதான் ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பதிவு. 1853 முதல் 1872 வரை சேர்ந்தவர்கள் அட்மிரல்டி 139-இல். 1873-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் அட்மிரல்டி 188-இல். அதில் 1928 வரையான பணிவிவரம் வரும். அதற்கும் பிந்தையவர்களின் கோப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து கியூவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

என் கணவரின் கொள்ளுத்தாத்தா பதிவு ஒரே ஒரு பக்கம். மேலே பிறந்த தேதி, ஊர், முன்பு செய்த தொழில். அதன்கீழ் உயரம், தலைமுடியின் நிறம், கண், தோல், உடலில் உள்ள அடையாளம். முன்கையில் பச்சை குத்தியிருந்ததை ஒரு எழுத்தர் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். புகைப்படம் ஒன்றுகூட இல்லாத மனிதருக்கு அந்த ஒரு வரியில் கை முளைத்தது. அவருடைய பணி எண் 'கே' என்று தொடங்கியதால் 1908-க்குப் பின் சேர்ந்த ஸ்டோக்கர் என்று எண்ணிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு முதல் 'ஜே' என்றால் தளத்து மாலுமி, 'கே' ஸ்டோக்கர், 'எல்' சமையல்காரர், பணியாளர், 'எம்' கைவினைஞர் முதலானோர்.

அதே பக்கத்தில் கப்பல் வரிசையில் 'விக்டரி 2' என்று திரும்பத் திரும்ப வரும். இதைப் பார்த்துவிட்டு, தாத்தா நெல்சனின் கப்பலில் வேலை செய்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய. அது போர்ட்ஸ்மத் கரைமுகாம்களின் பெயர். விக்டரி 2 ஸ்டோக்கர்களுக்கான பிரிவு. இரண்டு கப்பல்களுக்கு இடையே கரையில் காத்திருந்த நாட்கள் அவை. 'பெம்ப்ரோக்' என்றால் சாத்தம், 'விவிட்' என்றால் டெவன்போர்ட். இவற்றை அடையாளம் கண்டு ஒதுக்கி வைத்த பிறகே உண்மையான கப்பல்கள் தெரியும்.

வீட்டில் தோல்தாளில் எழுதிய பணிச்சான்று இருந்தால் அதன் மூலையைப் பாருங்கள். ஒரு மூலை வெட்டியிருந்தால், நடத்தை காரணமாக வெளியேற்றப்பட்டவர். எலி கடித்தது என்று மாமனார் குடும்பத்துப் பாட்டி ஒருவர் சொல்லிவந்தாராம். எலி அவ்வளவு நேராகக் கடிக்காது.

1853-க்கு முன் என்றால் கப்பலின் பெயர் தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. கப்பல் தெரிந்துவிட்டால் மஸ்டர் புத்தகங்கள் என்ற ஆள் பட்டியல்கள் இருக்கின்றன (அட்மிரல்டி 36 முதல் 39 வரை). அதில் ஆளின் பெயர், கப்பலேறிய நாள், போன நாள், பல நேரம் வயதும் பிறந்த ஊரும் கிடைக்கும். பெயருக்கு எதிரே ஒற்றை 'டி' என்றால் கப்பலிலிருந்து விடுவிக்கப்பட்டார். இரட்டை 'டி' என்றால் இறந்தார். 'ஆர்' என்றால் ஓடிப்போனார்.

கப்பல் பெயர் தெரியவில்லை என்றால்தான் மனைவியைத் தேட வேண்டும். இதை எந்தக் கையேட்டிலும் முதலில் சொல்வதில்லை, நான் முதலில் சொல்வேன். 1795 முதல் மாலுமி தன் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு ஒதுக்கலாம் என்று சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டுப் பதிவேடுகள் 1852 வரை அட்மிரல்டி 27-இல் இருக்கின்றன. பணம் யாருக்கு, மனைவியா தாயா, எந்த ஊரில் வாங்கிக்கொள்வாள், ஆள் எந்தக் கப்பலில் என்ற எல்லாம் ஒரே வரியில். கணவன் பெயர் ஜான் ஸ்மித்தாக இருந்து மஸ்டரில் நூறு ஜான் ஸ்மித் வந்தாலும், அந்த வரியிலுள்ள மனைவியின் பெயரும் ஊரும் நம்முடைய ஜானைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அதிகாரி என்றால்

இங்கே வேலை எளிது, ஏனென்றால் அச்சிட்ட பட்டியல் இருக்கிறது. ஸ்டீல் என்பவர் 1782 முதல் வெளியிட்ட தனியார் பட்டியலும், 1814 முதல் அரசே வெளியிட்ட நேவி லிஸ்ட்டும் பதவி வரிசைப்படி பெயர்களைக் கொடுக்கின்றன. 1845-இல் உயிரோடிருந்த லெப்டினன்ட் முதல் மேலுள்ளவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை வில்லியம் ஓ'பைர்ன் தொகுத்து 1849-இல் வெளியிட்டார். அதில் அப்பா, மாமன், மாமனார், மைத்துனர் எல்லாரும் வருவார்கள். விக்கிமூலத்தின் ஆங்கிலப் பதிப்பில் இலவசமாகப் படிக்கலாம். குறிப்பின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்; கல்யாணச் செய்தி அங்கேதான்.

பணிப்பதிவு அட்மிரல்டி 196. லெப்டினன்ட் தேர்வுச் சான்றுகள் அட்மிரல்டி 107. கூடவே ஞானஸ்நானச் சான்றும் இணைத்திருப்பார்கள். அதில் உள்ள வயதை மட்டும் நம்பாதீர்கள். நெல்சனுக்கு நடந்தது பலருக்கும் நடந்தது. கேப்டன்கள் தெரிந்த வீட்டுப் பையன்களைக் கப்பலேறும் முன்பே பதிவில் சேர்த்து அனுபவ ஆண்டுகளைக் கூட்டிக் காட்டினார்கள். ஊர்த் தேவாலயத்தின் மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே பிறந்த ஆண்டை எழுதுங்கள்.

1815-இல் நெப்போலியனோடான போர் முடிந்ததும் ஏராளமான அதிகாரிகள் அரைச் சம்பளத்தில் கரையேறினார்கள். அவர்களிடம் கடற்படைத் தலைமையகம் 1817-ஆம் ஆண்டிலும் 1846-ஆம் ஆண்டிலும் தங்கள் பணி வரலாற்றை எழுதித் தரச் சொன்னது. அந்தப் பதில்கள் அட்மிரல்டி 9-இல் இருக்கின்றன. மாமியார் வழி முன்னோர் ஒருவர் அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன்: கப்பல், தேதி, கேப்டன் பெயர் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தவர், கேப்டன்களில் ஒருவரின் பெயரை மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைத் தனியாகத் தேடினேன். படிவம் எழுதியவருடைய தாயின் சகோதரர்.

அதனால் சொல்கிறேன், அதிகாரியின் முதல் கப்பலின் கேப்டன் யார் என்று கண்டுபிடித்து, அவருக்கும் ஒரு சின்ன வம்சாவளி போடுங்கள். அவருடைய சகோதரிகள் யாரைக் கட்டினார்கள் என்று பாருங்கள். பையனின் நடுப்பெயரையும் கவனியுங்கள். ஜான் நிக்கல்சன் இங்கில்ஃபீல்ட் என்ற கேப்டன் தன் மகனுக்கு சாமுவேல் ஹூட் இங்கில்ஃபீல்ட் என்று பெயர் வைத்தார். ரத்த உறவைவிட, அட்மிரல் சாமுவேல் ஹூட் என்ற லார்ட் ஹூட்டிடம் பட்ட நன்றியை அந்தப் பெயர் சொல்கிறது. அதே நேரம் சாமுவேல் ஹூட் லின்ஸீ என்ற வைஸ் அட்மிரலின் பெயரில் உறவே இருக்கிறது: ஹூட் 1749-இல் கட்டியது போர்ட்ஸ்மத் மேயர் எட்வர்ட் லின்ஸீயின் மகள் சூசன்னாவை. இப்படி நடுப்பெயர் ஒரு தடயம்தான், தீர்ப்பு அல்ல. கல்யாணப் பதிவு கிடைத்த பிறகே உறவு என்று எழுதலாம்.

விதவைகளின் காகிதங்களைத் தவறவிடாதீர்கள். அதிகாரிகளின் ஏழை விதவைகளுக்காக 1732-இல் ஒரு நிதி ஏற்பட்டது. ஓய்வூதியம் கேட்டவர் திருமணத்தை நிரூபிக்க வேண்டும், ஆகவே விண்ணப்பக் கட்டுகளில் (அட்மிரல்டி 6) திருமணச் சான்றுகள் இருக்கின்றன. இறந்த அதிகாரியின் பாக்கிச் சம்பளத்தை உறவினர் கேட்டு எழுதியவை அட்மிரல்டி 45, சாதாரண மாலுமிக்கு 44.

ஒரே பெயர், மாறிய பெயர்

ஹூட் குடும்பம் இதற்குச் சரியான பயிற்சி. சாமர்செட்டின் பட்லி ஊர்ப் பாதிரியாருக்கு இரண்டு மகன்கள்: சாமுவேல் (1724–1816), அலெக்சாண்டர் (1726–1814). இருவரும் அட்மிரல்களாகி, பிரபுப் பட்டம் பெற்றவர்கள்: ஒருவர் வைகவுண்ட் ஹூட் (மேலே சொன்ன லார்ட் ஹூட்), இன்னொருவர் வைகவுண்ட் பிரிட்போர்ட். அதே குடும்பத்தின் பங்காளி வழியில் இன்னொரு ஜோடி அண்ணன் தம்பி: அலெக்சாண்டர் (1758–1798), சாமுவேல் (1762–1814). மூத்தவர் 'மார்ஸ்' கப்பலின் கேப்டனாக, பிரெஞ்சுக் கப்பல் 'எர்க்யூல்' உடனான சண்டையில் இறந்தார். இளையவர் வைஸ் அட்மிரல், பேரோனெட் என்ற பரம்பரைப் பட்டமும் பெற்றவர். நான்கு பேரும் ஒரே காலத்தில் கடற்படையில் இருந்தவர்கள். இவர்களைப் பிரித்தறிய ஒரே வழி, ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போட்டு, தேதியும் கப்பலும் மட்டும் எழுதி வருவது. ஒரே மாதத்தில் ஒரு ஆள் இரண்டு கப்பலில் இருக்க முடியாது.

இரண்டு பெரிய வீடுகள் பெண் வழியில் சேர்ந்ததும் இந்தக் குடும்பத்தில்தான். பிரிட்போர்ட்டுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய பேரன்முறை வாரிசு சாமுவேல் ஹூட் 1810-இல் நெல்சனின் அண்ணன் மகள் சார்லட்டைக் கட்டினார். நெல்சனுக்குச் சிசிலியில் கிடைத்த பிரோன்டே சீமைப் பட்டம் அவள் வழியாக ஹூட் வீட்டுக்குப் போய்விட்டது. நெல்சன் ஏர்ல் பட்டமோ 1835-இல் அக்காள் மகன் தாமஸ் போல்டனிடம் வந்தது. அவர் தன் பெயரையே நெல்சன் என்று மாற்றிக்கொண்டார். இங்கில்ஃபீல்ட் மகள் ஆனைக் கட்டிய பெஞ்சமின் ஹாலோவெல்லும் சொத்து கைக்கு வந்ததால் 1828-இல் கேரூ ஆனார். அதனால் ஒரு அதிகாரி நேவி லிஸ்ட்டிலிருந்து திடீரென்று மறைந்தால் உடனே இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். அரசு அனுமதியோடு பெயர் மாற்றினால் அந்த அறிவிப்பு லண்டன் கெசட் என்ற அரசிதழில் வரும். அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

இன்னொரு சிக்கல் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். சார்ல்ஸ் ஆஸ்டின், எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் தம்பி, 1807-இல் பெர்முடாவில் ஃபேனி பால்மரைக் கட்டினார். ஃபேனி கணவரோடு கப்பலிலேயே குடியிருந்து, 1814-இல் 'நேமர்' கப்பலில் பிரசவத்தை ஒட்டி இறந்தார். 1820-இல் சார்ல்ஸ், ஃபேனியின் அக்காள் ஹாரியட்டைக் கட்டினார். இரண்டு மனைவிக்கும் பிறந்த வீட்டுப் பெயர் பால்மர். ஒரே பெண் என்று நினைத்து இணைத்துவிட்டால் பிள்ளைகளின் தாய் மாறிப்போவாள். இறந்த மனைவியின் சகோதரியைக் கட்டுவது அங்கே 1835-க்குப் பிறகு செல்லாத திருமணம். 1907-இல்தான் சட்டம் அனுமதித்தது. இடைப்பட்ட காலத்தில் அப்படிச் செய்தவர்கள் வெளிநாட்டிலோ, தங்களைத் தெரியாத தேவாலயத்திலோ கல்யாணம் செய்திருக்கக்கூடும். ஊர்ப் பதிவில் இல்லையென்றால் தேடும் வட்டத்தை விரியுங்கள்.

தேதிகள்

இரண்டே விஷயம். 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே பதிவேட்டில் 1707 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்குக்கு அது 1708. இரண்டு ஆண்டையும் சேர்த்து 1707/8 என்று எழுதுங்கள். இன்னொன்று, 1805 வரை கப்பலின் லாக் புத்தகத்தில் (நாட்குறிப்பு) நாள் என்பது நண்பகலில் தொடங்கி நண்பகலில் முடியும். கரையில் 5-ஆம் தேதி பிற்பகல் நடந்தது லாக்கில் 6-ஆம் தேதி. கேப்டனின் லாக் அட்மிரல்டி 51, மாஸ்டருடையது 52. கடிதமும் லாக்கும் ஒரு நாள் முரண்பட்டால் பயப்பட வேண்டாம், இரண்டும் சரியாக இருக்கலாம்.

கிழக்கே வந்தவர்கள்

கடற்படையின் கிழக்கிந்தியப் படைப்பிரிவில் இருந்து அங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் இங்கிலாந்துத் தேவாலயப் பதிவுகளில் கிடைக்காது. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில், ஆங்கில 'என்' எழுத்தில் தொடங்கும் வரிசைகளில் தேட வேண்டும்: வங்காளம் 'என் 1', மெட்ராஸ் 'என் 2', பம்பாய் 'என் 3'. மேலே சொன்ன வைஸ் அட்மிரல் சாமுவேல் ஹூட் அந்தப் படைப்பிரிவின் தலைவராக இருந்தபோது 1814 டிசம்பர் 24-ஆம் தேதி மெட்ராஸில் இறந்தார். பிள்ளை இல்லை. பேரோனெட் பட்டம் 'மார்ஸ்' சண்டையில் இறந்த அண்ணனின் மகனுக்குப் போனது.

அயல்நாட்டிலோ கடலிலோ இறந்தவரின் உயில் 1858 ஜனவரிக்கு முன்பு என்றால், கேன்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்றப் பதிவுகளில் தேடுங்கள். கியூவில் அது 'ப்ரோப் 11' (PROB 11) என்ற வரிசை. அதற்குப் பிந்தியவை அரசின் உயில் பதிவகத்தில். உயிலை முழுதாகப் படிக்க நேரமில்லை என்றாலும், நிறைவேற்றுநர்கள் யார் என்ற வரியை மட்டும் படித்துவிடுங்கள். நான் பார்த்தவற்றில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு மைத்துனர் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நேவி லிஸ்ட்டில் தேடுங்கள்.